இருபத்து மூன்றாவது ஆடு

விடுதியில் என்னோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு எழுதுகிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். அதில் இரண்டு எண்கள் இறந்துபோனவர்களுடையவை. அவர்களுடைய பிள்ளைகள் நீக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆக ஒன்பது. ஒரு மாதமாக ஆளாளுக்குச் சொந்த ஊர் நினைவுகளை எழுதிப் போடுகிறீர்கள். பலாப்பழ வாசனையை நான்கு பேர் எழுதியாயிற்று. மார்கழிப் பனியை மூன்று பேர். மலைக்காற்றை ஆறு பேர், அதில் ஒருவர் இரண்டு முறை. நீ மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். திறக்கிறேன். இனிப்பாக இருக்காது, முன்னமே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுபத்து இரண்டு வயதாகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இப்போதும் மாடிப்படி ஏறினால் பதினான்கு என்று மனசு சொல்லும். மருமகள் தட்டில் வைக்கும் இட்லியை எண்ணுவேன். அவளுக்கு அது பிடிக்காது. நான் அவள் கையை அளப்பதாக நினைத்துக்கொள்கிறாள். அப்படி இல்லை. எண்ணாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த வியாதி எங்கே பிடித்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நாலாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் அடிவாரத்து விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அதனால் ஊர் என்பது எனக்கு விடுமுறைகளாகத்தான் தெரியும். அப்பா வந்து அழைத்துப்போனார். ஜமுனாமரத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு சரிவில் எங்கள் ஊர், பத்தொன்பது வீடுகள். போய்ச் சேரும்போது சாமை அறுவடை முடிந்து களத்தில் போர் கட்டியிருந்தார்கள். வைக்கோல் வாசனையும் ஆட்டுப்புழுக்கை வாசனையும் ஈரப்புகையும் சேர்ந்த ஒரு நெடி. இன்றும் மழைக்காலத்தில் எங்காவது பச்சை விறகு எரிந்தால் நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன். நீங்கள் அதை ஏக்கம் என்பீர்கள். எனக்கு அது வேறு.

வீட்டில் அம்மா, அப்பா, அக்கா, நான். அக்காவுக்குப் பதினாலு. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆடு மேய்ப்பது அவள் வேலை. காலையில் களி தின்றுவிட்டு, பழைய அலுமினியத் தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு போனால் வெயில் சாயும்போதுதான் வருவாள். அந்தத் தூக்கின் மூடியில் ஒரு நெளிவு உண்டு. அவள் ஓடிவந்தால் அது தனியாக ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே அம்மா அடுப்பில் உலை வைப்பாள்.

ஆடுகள் எல்லாவற்றுக்கும் அக்கா பேர் வைத்திருந்தாள். சுட்டி, கொம்பி, செவலை, நொண்டிச்சி, மாமியார் என்றுகூட ஒன்று இருந்தது. எந்நேரமும் மற்றதுகளை முட்டிக்கொண்டிருக்கும். மூளி என்ற ஆடுதான் அவளுக்கு ரொம்ப நெருக்கம். குட்டியாக இருந்தபோது நரி கவ்வி இடது காது பாதி போய்விட்டது. மஞ்சள் பற்றுப் போட்டு, துணி கட்டி, மடியில் வைத்துக் காப்பாற்றியவள் அக்கா. மூளி அவள் பின்னாலேயே வரும். யார் கை நீட்டினாலும் வரும், அப்படிப் பழக்கிவிட்டிருந்தாள். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

நான் போன இரண்டாம் நாள் அப்பா கரும்பு வெட்டப் படவேட்டுப் பக்கம் கிளம்பினார். எட்டு நாள் வேலை. சாயங்காலம் ஆடு பட்டிக்குள் போகும்போது எண்ணி விடுவது அப்பாவின் வேலை. அன்று காலை என்னைப் பட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் குந்தவைத்தார். அம்மாவுக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது, இனிமேல் நான் வரும்வரை நீ எண்ணு என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஆட்டை எண்ணுவதில் எங்கள் ஊரில் இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, வாய்விட்டு எண்ணக் கூடாது, கண்ணுபடும். மொத்தம் எத்தனை என்பதும் வீட்டு ஆம்பிளைக்குத்தான் தெரியும். இன்னொன்றை அப்பா இப்படிச் சொன்னார்:

"மொத ஆட்டுக்கு லாபம்னு சொல்லு. அத மட்டும் சத்தமா சொல்லு. மீதிய வாய்க்குள்ள எண்ணிக்க."

பிறகு என் காதில் குனிந்து, "இருபத்தி மூணு" என்றார். அவர் மூச்சில் வெற்றிலை வாசனை. ஒரு பெரிய மனிதனின் ரகசியம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் மூங்கில் படலைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். ஒன்று ஒன்றாகத்தான் நுழைய முடியும். முதலில் மாமியார் வந்தது. "லாபம்" என்றேன், ஊர் கேட்க. மற்றதை உதட்டுக்குள் எண்ணினேன். கடைசிக் குட்டி உள்ளே போனபோது என் கணக்கில் இருபத்து இரண்டு.

அக்கா தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் போய், ஒன்று குறைகிறது என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு, சரியாகப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே வந்து படலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எண்ணவில்லை, பார்த்தாள். விரலைக்கூட நீட்டாமல் சுட்டி, கொம்பி, செவலை, மூளி, நொண்டிச்சி என்று கடகடவென்று எல்லாப் பேரையும் ஒப்பித்தாள்.

"எல்லாம் கீதும்மா. இவன் தூங்கிக்கினே எண்ணியிருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. மறுபடி எண்ணுகிறேன் என்றேன். ஆடுகளை வெளியே விட்டு மறுபடி உள்ளே விட்டோம். மாமியார் இரண்டாவது தடவையும் முதலில் வந்தது. லாபம் என்றேன். முடிவில் இருபத்து இரண்டு. மறுநாள் காலை மேய்ச்சலுக்கு வெளியே போகும்போது எண்ணினேன். இருபத்து இரண்டு. மூன்று முறையும் ஒரே எண். மூன்று முறை எண்ணி ஒரே விடை வந்தால் அது சரி என்று பிற்காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆடு தொலைந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை அந்த வீட்டில் நான் சொன்னதை யாரும் நின்று கேட்டதில்லை. இப்போது அம்மா கேட்டாள். நாலு வீடு தள்ளியிருந்த பெரியப்பாவும் கேட்டார். அப்பாவின் அண்ணன், ஊரில் பேச்சு உள்ளவர். காலையிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னைத்தான் முதலில் விசாரித்தார். படிக்கிற பையன் மூன்று தடவை எண்ணியிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். படிக்கிற பையன் என்று அவள் சொன்னபோது என் காது சூடாகியது. நல்ல சூடு.

பெரியப்பா அக்காவிடம், எங்கே விட்டாய் என்று கேட்டார். எங்கேயும் விடவில்லை, எல்லாம் இருக்கிறது என்றாள். எந்த ஆடு குறைகிறது, பேரைச் சொல்லட்டும் என்று என்னைக் காட்டினாள். நாலைந்து ஆட்டின் பேருக்கு மேல் எனக்குத் தெரியாது. எண்தான் தெரியும். தம்பி ஊரில் இல்லாதபோது அவன் பட்டியைப் பெரியப்பா எண்ணக் கூடாது; அவருக்கு என் எண் போதுமானதாக இருந்தது.

அவளைத் தேடி வரச்சொல்லி அனுப்பினார்கள். ஆடுகளை வேறு ஒரு கிழவர் பார்த்துக்கொண்டார். முதல் நாள் வெறுங்கையோடு வந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன், வேடிக்கைக்கு. ஓடைக்கு மேலே ஒரு சரிவுப்பாறை. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடுக்காய் மரத்தடியில் போன வருஷத்துக் காய்கள் கருத்துக் கிடந்தன. நெல்லிக்காய் பறித்து மடியில் கொட்டி எனக்குத் தந்தாள். இருபத்தாறு காய்கள். தின்றுவிட்டு ஓடைத்தண்ணீர் குடித்தால் தொண்டை வரைக்கும் தித்திப்பு. நீங்கள் கேட்கிற இனிய நினைவு என்னிடம் அது ஒன்றுதான். அதுவும் எந்த நாளில் வந்தது பாருங்கள்.

"தேடலியாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாத ஆட்ட எங்கடா தேடறது?"

ஒரு கடுக்காயை எடுத்து ஓடையில் விட்டெறிந்தாள். பிறகு, "நீ நெசமாதான் எண்ணினியா?" என்றாள்.

"மூணு வாட்டி எண்ணினேன்."

"அப்ப நான்தான் பொய்யி."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலச் சொன்னாள். கீழே கொல்லையில் ஊர் ஆட்கள் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலை தெரிந்ததும் அக்கா எழுந்து நின்று "ப்பா, ப்பா, ப்பா" என்று ஆட்டைக் கூப்பிட ஆரம்பித்தாள். இல்லை என்று தெரிந்த ஆட்டை, கீழே உள்ளவர்களுக்குக் கேட்கட்டும் என்று கூப்பிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வாசலில் நின்றபடி அம்மாவிடம் பேசினார். நரி அடித்திருந்தால் மயிராவது எலும்பாவது கிடந்திருக்கும், ஒன்றும் இல்லை. ஓடைப்பக்கம் கடுக்காய் எடுக்கிற வெளியூர்ப் பையன்கள் கொட்டகை போட்டிருக்கிறார்கள். வயசுக்கு வந்த பெண். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினார். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே எழுதுகிறேன், இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தும் எனக்கு மறக்கவில்லை:

"ஆடு போனது பெருசில்லம்மா. போவவே இல்லன்னு சாதிக்குது பாரு, அதான் பெருசு."

அன்றே அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். இனி அது காட்டுக்குப் போகவேண்டாம் என்றார். ஐந்தாம் நாள் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு மனைவி இறந்து, இரண்டு பிள்ளைகள். அப்பா இல்லாமலேயே பெரியப்பா வெற்றிலை மாற்றிவிட்டார். தம்பிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். எங்கள் ஊரில் வெற்றிலை மாற்றிய பிறகு பேச்சு கிடையாது.

அப்பா எட்டாம் நாள் வந்தார். கைகளில் கரும்புத் தோகை கீறிய கோடுகள்; துண்டில் வெல்லக் கட்டி. எனக்கு ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார். அக்கா எங்கே என்றார். அம்மா எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவர் எழுந்து பட்டிக்குப் போனார். நான் வெல்லத்தை நக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஆடுகளை எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். அப்புறம் படலைத் திறந்துவிட்டு, "நீ எண்ணு. வாய்விட்டு எண்ணு" என்றார்.

கண்ணுபடும் என்றேன். பரவாயில்லை, எண்ணு என்றார்.

எண்ணினேன். "லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு…"

நாலு சொல்லும்போது அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். என் எதிரில் குந்தினார்.

"லாபம்னா இன்னாடா?"

"லாபம்னா மொதல்ல சொல்றது. அப்பறம் ஒண்ணு."

விடுதியில் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணும்போது ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணுவார்கள். லாபம் என்பது ஒன்றுக்கு முன்னால் சாமிக்குச் சொல்வதுபோல என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடும் என்ற பயத்தில், ஒன்றுக்குப் பதிலாகத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஊரில் யாருக்கும் சொல்லித்தரத் தோன்றவில்லை. பேச்சு வரும்போதே கூட வருகிற விஷயம் அது. என்னைத்தான் பேச்சு முழுதாக வருவதற்குள் கீழே அனுப்பிவிட்டார்களே. இத்தனை நாளும் உதட்டுக்குள் எண்ணியதால் அது யார் காதிலும் விழவில்லை.

அப்பா எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லாபம்னாதான்டா ஒண்ணு" என்றார்.

அக்காவைக் கூட்டிவந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் படலைக் கட்டிக்கொண்டே, "உங்க பெரியப்பன் வெத்தல மாத்திட்டாரு" என்றார். பிறகு, "இத யாருகிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டயும்" என்றார்.

மறுநாள் சந்தை. விடிந்தும் விடியாமல் அப்பா பட்டிக்குள் போனதைப் பார்த்தேன். கையை நீட்டினார். எந்த ஆடு வந்திருக்கும்? கை நீட்டினால் வருகிற ஆடு ஒன்றுதான். மூளியை ஒரு கயிற்றில் கட்டி ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஓட்டிப்போனார். திரும்பி வரும்போது கயிறு மட்டும் தோளில் கிடந்தது. அன்று சாயங்காலம் பெரியப்பா வந்து, எல்லாரும் பார்க்க, தானே ஆடுகளை எண்ணினார். லாபம் என்று தொடங்கினார். இருபத்து இரண்டு. பையன் சொன்னது சரியாகப் போயிற்று என்று என் தலையைத் தடவினார். அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

அண்ணன் கொடுத்த வாக்கும் கெடக்கூடாது, பையன் மேலும் பழி வரக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். பெண்ணைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. எனக்கும் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபின் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எண் தப்பாக இருந்தபோது எண்ணைத் திருத்தாமல் ஆட்டைத் திருத்தினார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வழி.

தை மாதம் கல்யாணம். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மறுவீட்டுக்கு அவள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா சொல்லியனுப்பி நானும் போயிருந்தேன். கழுத்தில் கயிறும் பெரிய மனுஷி மாதிரிப் புடவையுமாக வந்தாள். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை; நேராகப் பட்டிக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மறுபடி அதே இடத்தில் நின்றது. பிறகு அப்படியே படலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வந்து, புதுப்புடவை பாழாகிவிடும், எழுந்திரு என்றாள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். வாயில் நாக்கு இருந்தது. சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு நான் படித்தேன். பெரியப்பா செய்த சிபாரிசில் மேலே படித்தேன். பையனுக்குக் கணக்கு வரும் என்று ஊரே சொன்னது.

அறுபத்து மூன்று வருஷம். எத்தனையோ முறை அக்காவைப் பார்த்திருக்கிறேன். சாவில், கல்யாணத்தில், காதுகுத்தில். ஒவ்வொரு தடவையும் அங்கே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் இருப்பதுவும் எனக்கு வசதியாக இருந்தது. போன மாதம்தான், நீங்கள் எல்லாரும் பலாப்பழத்தை எழுத ஆரம்பித்த அந்த வாரத்தில், திருப்பத்தூருக்குப் பேருந்து ஏறி அங்கிருந்து ஜீப்பில் புதூர்நாட்டுக்குப் போனேன். ஓட்டியவன் அக்காவின் பேரன்தான். வழியெல்லாம் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் கைபேசியில் பேசினான். பதினொரு தடவை சொன்னேன், கேட்கவில்லை.

அக்காவுக்கு எழுபத்து ஏழு. கண் மங்கல், காது நன்றாக இருக்கிறது. புளியமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துத் தடவி, விரலைத் தடவி, இளைத்துவிட்டாய் என்றாள். பேரன் டீ வாங்கப் போனான். நாங்கள் இரண்டே பேர்.

சொன்னேன். லாபத்தை, மூன்று முறை எண்ணியதை, அப்பா விடியலில் மூளியை ஓட்டிப்போனதை, எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை மாறாமல் சொல்லவேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். மாறத்தான் செய்தது. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முழுதும் கேட்டாள். பிறகு என் முழங்காலைத் தட்டினாள்.

"இல்லடா தம்பி. மூளி அன்னிக்கேதான் போயிருக்குது. நான்தான் பாக்கல. மறுவூட்டுக்கு வந்தப்ப என் கண்ணால பாத்தனே, பட்டியில அது இல்ல."

"அக்கா, அன்னிக்கு சாயங்காலம் நீயே மூளின்னு பேரு சொன்ன. நான் கேட்டேன்."

"வாய்ப்பழக்கத்துல சொல்லியிருப்பன்." கொஞ்சம் யோசித்தாள். "நீ இன்னாத்துக்கு இப்ப இதெல்லாம் மாத்தற? எனக்கு மனசு ஆறணும்னு சொல்ற. உனக்கு அப்ப ஒம்போது வயசு. நீ எண்ணினது சரிதான். எல்லாரும் அப்பவே சொன்னாங்களே."

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவள் கேட்கவில்லை, அவள் காது வேறு பக்கம் போய்விட்டது. ஆடுகள் வந்துகொண்டிருந்தன. பேரன் டீயோடு வந்து, படலைத் திறந்துவிட்டான். ஒவ்வொன்றாக உள்ளே போயின. அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஆடு போனதும், "ஒண்ணு கொறையுது" என்றாள்.

பேரன் சிரித்தான். "தெனமும் இதேதான் தாத்தா. எத்தினி வந்தாலும் ஒண்ணு கொறையுதுன்னும். எங்கம்மா சின்னதா இருந்தப்பலேர்ந்து இப்படித்தானாம். நீங்கதான் கணக்கு வாத்தியாராச்சே, எண்ணிச் சொல்லுங்க."

எழுந்துபோய் எண்ணினேன். ஒன்று என்று சத்தமாகத் தொடங்கினேன். ஒன்பது. அவர்களிடம் இருப்பதே எத்தனை என்று பேரனைக் கேட்டேன். ஒன்பது என்றான். திரும்பி வந்து அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒன்பதும் இருக்கிறது அக்கா, எதுவும் குறையவில்லை என்றேன்.

"செரி" என்றாள், எனக்காக. பிறகு முகத்தைச் சரிவுப்பக்கம் திருப்பி, மெல்ல, "ப்பா, ப்பா, ப்பா" என்று கூப்பிட்டாள்.